பட்டாம்பாக்கத்துப் பந்தி

பீடத் துணிக்கு நான்கு நிறம். வருகையின் வாரங்களுக்கும் லெந்து நாட்களுக்கும் ஊதா. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் வெள்ளை. பெந்தெகொஸ்தே நாளுக்குச் சிவப்பு. திரித்துவ ஞாயிறு கழிந்து வருகிற நீண்ட மாதங்களுக்குப் பச்சை. பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சபைக்கு இவற்றைத் தைத்துக் கொடுப்பது என் பொறுப்பாகிவிட்டது. துணிக்காக நான் வெளியூர் போவதில்லை. குறிஞ்சிப்பாடி கைலிக்குப் பேர்போன ஊர். தெருவில் பாவு நீட்டியிருந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சின்ன வயதிலேயே பழகியவர்கள் நாங்கள். கட்டமும் கரையும் இல்லாமல் வெறும் பச்சையில் நெய்து கொடுங்கள் என்று கேட்டால், நெய்து கொடுக்கத் தெரிந்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன.

பழைய பச்சைத் துணி நைந்துவிட்டது. புதிதில் என்ன சின்னம் வைப்பது என்று சபைக் குழுவில் பேச்சு வந்தது. வாலிபர்கள் லூத்தர் முத்திரை வேண்டும் என்றார்கள். 1530இல் மார்ட்டின் லூத்தர் தம் கைப்படவே விளக்கம் எழுதிய முத்திரை அது. சிவந்த இதயத்தின் நடுவே கறுப்புச் சிலுவை, இதயத்தைச் சுற்றி வெள்ளை ரோஜா, பின்னால் வானநீலம், எல்லாவற்றையும் வளைத்துப் பொன் வளையம். ஊசி பிடிக்கிறவளுக்கு ஆசை மூட்டுகிற வேலை. பெரியவர்கள் திராட்சைக் கொடியும் ஆட்டுக்குட்டியும் போதும் என்றார்கள். அப்போது கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஒருவன் கேட்டான்: “டீச்சர், நம்ம கோயிலுக்கு வராதவங்க யாராவது இதைப் பார்த்தா, நாம யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

கேட்க வேண்டிய கேள்விதான் கேட்டான். இந்தக் கடலூர்ச் சீமையில் கிறிஸ்தவர்கள் முந்நூறு வருஷமாக எந்தெந்தச் சின்னத்தைத் தாங்கினார்கள், அதைத் தாங்கியதற்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்க்காமல் அவனுக்குப் பதில் சொல்ல முடியாது. பார்த்த அளவில் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபுரத்தின் உச்சியில் நிற்கிற சிலுவையை விட, தரையில் போட்ட இலையும் உடம்பில் உடுத்திய துணியும்தான் இங்கே கிறிஸ்துவைப் பற்றி அதிகம் பேசியிருக்கின்றன.

விருத்தாசலம் பக்கத்தில், முகாசாபரூரை அடுத்துக் கோணான்குப்பம். 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதை ஒட்டித் தமிழ்நாட்டுக்கு வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், அங்கே மாதாவுக்குக் கோயில் எடுத்தார். நிலம் கொடுத்தவர் முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயர் என்பது ஊர் வழக்கு. மாதாவுக்கு அவர் வைத்த பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனின் பெயரும் அதுவே. கையில் குழந்தையோடு, தமிழ்ப் பெண் போலச் சேலை உடுத்தி மாதா நிற்கிறாள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று படம் எழுதி அனுப்பி, கடல் கடந்து மணிலாவிலிருந்து சிலையை வரவழைத்தார் என்று அங்கே சொல்வார்கள். ஒவ்வொரு ஜனவரி 23ஆம் தேதியும் பெருவிழா. சுற்று வட்டாரத்து இந்துக் குடும்பங்களும் நேர்ச்சையோடு வருகின்றன.

நான் லுத்தரன் வழியில் வளர்ந்தவள். சுரூபத்தின் முன் முழந்தாளிடுவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் துணியோடு பழகியவள் என்பதால் அந்தச் சேலையின் முன் நின்றுவிடுவேன். தேம்பாவணி பாடியவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பது உலகம் அறிந்தது. ஒரு தாய் எப்படி உடுத்தியிருந்தால் இந்த மண்ணில் தாயாகத் தெரிவாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்நிய முகத்தோடு வந்த சமயத்துக்கு ஊர் முகம் கொடுத்தது அந்தப் புடவை. அதில் எனக்கு நன்றி உண்டு.

மனக்குறையும் உண்டு. பெஸ்கி வேலை செய்த மதுரை மிஷனில், ராபர்ட் தெ நொபிலி காலத்துக்குப் பிறகு, மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்ற வேறு வகைக் குரு என்றே ஏற்பாடு. சேலை கட்டிய மாதா எல்லோருக்கும் தாய்தான். பிள்ளைகள் ஒன்றாக நிற்கவில்லை. ஊரின் உடையைச் சமயம் உடுத்திக்கொண்டபோது, ஊரின் கோடுகளும் அந்த உடையோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டன.

கடலூர்த் துறைமுகப் பக்கம் நடந்தது வேறு வகைக் கதை. 1749இல் ஆங்கிலேயர்கள், கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு அனுகூலமானவர்கள் என்று சந்தேகப்பட்டு, அவர்கள் கையிலிருந்த ஆலயத்தைப் பிடுங்கினார்கள். அங்கே 1740 முதல் ஊழியம் செய்துவந்த ஸ்வீடன் நாட்டு மிஷனரி கீர்நாண்டரிடம் அதைக் கொடுத்தார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்தார். கீர்நாண்டர் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1782இல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வந்தபோது, மிஷனரி கெரிக்கே ஐயர் பிரசங்கம் செய்துவந்த ஆலயம் வெடிமருந்துக் கிடங்காயிற்று. உச்சியில் சிலுவை, உள்ளே வெடிமருந்து! சாவி யார் கையிலோ அவர்களுக்காகப் பேசுகிற அடையாளமாகச் சிலுவை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கெரிக்கே மட்டும் ஊரை விட்டு ஓடாமல் இருந்து, கஷ்டத்தில் கிடந்தவர்களைக் கவனித்தார் என்பதை மதிப்போடு சொல்லி, மேலே போகிறேன்.

மேல்பட்டாம்பாக்கம். விழுப்புரத்திலிருந்து கடலூர் வரும் ரயில் பாதையில், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே வரும் சின்ன ஸ்டேஷன். இறங்கிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கள் வரலாற்றின் மிகப் பெரிய வழக்கு அங்கே இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ளத் தரங்கம்பாடியிலிருந்து வர வேண்டும். 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சாவும் அங்கே கரையிறங்கினார்கள். 1718இல் சீகன்பால்கு பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவத்தில் கட்டப்பட்டது. அந்தச் சிலுவையின் உள்ளே சபையார் எப்படி உட்கார்ந்தார்கள்? வெள்ளாளர் பாயில். பறையர் வெறுந்தரையில். நடுவில் இடைவெளி. திருவிருந்தில் யார் முதலில் கிண்ணத்தில் வாய் வைப்பது என்பதும் வழக்காக இருந்தது. கிண்ணம் கிறிஸ்துவின் இரத்தம் என்று விசுவாசிக்கிறவர்களே, முன்னால் குடித்தவர் யார் என்று பார்த்தார்கள். கட்டடத்தையே சிலுவையாக்கினவர்களால் உட்காரும் வரிசையைச் சிலுவைக்குக் கொண்டுவர முடியவில்லை.

நூறு வருஷத்துக்கும் மேல் இப்படியே போயிற்று. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபைகள் பிளந்தன. வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினார்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், இன்றைக்கும் நாங்கள் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த அந்தப் பெரிய புலவர், மிஷனரிகளின் இந்தக் கட்டாயத்தை எதிர்த்து எழுதினார். அவர் பாட்டு என் தாயார் மடியில் கேட்ட பாட்டு. அதனால் இதைச் சொல்ல மனம் கனக்கிறது. சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது.

விலகியவர்களில் ஒரு பகுதியினர் ஜெர்மனியின் லைப்ஸிக் லுத்தரன் மிஷன் பக்கம் வந்தார்கள். அதன் தலைவர் கார்ல் கிரௌல், தமிழை ஆழமாகக் கற்றவர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். சாதி என்பது சமுதாய ஏற்பாடு. சுவிசேஷம் உள்ளே வேலை செய்யச் செய்யத் தானாகவே கரையும். அடித்துக் கரைக்கக் கூடாது: இது அவர் கட்சி. மற்ற மிஷன்களோ 1850 அளவில் ஒரு சோதனையை ஏற்படுத்தியிருந்தன. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லோரோடும் உட்கார்ந்து, எல்லோரும் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

லைப்ஸிக் மிஷனுக்குள்ளேயே இருந்து அந்தச் சோதனையின் பக்கம் நின்றவர் கார்ல் ஓக்ஸ். 1812இல் பிறந்தவர், 1840களில் இந்தியாவுக்கு வந்து மாயவரம் பக்கம் ஊழியம் செய்தவர். பந்தியில் பிரிந்து உட்காருகிறவர்கள் திருவிருந்துக்கு மட்டும் ஒன்றாக வருவது பொய் என்பது அவர் வாதம். அதற்காகத் தன் சொந்த மிஷனோடு பல வருஷம் போராடினார். கடைசியில் உறவு முறிந்தது. வேலையும் சம்பளமும் போன நிலையில், 1860களின் தொடக்கத்தில் பட்டாம்பாக்கத்துக்கு வந்து புதிதாக ஆரம்பித்தார். அந்த இடத்துக்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். வேதத்தில் பெத்தானியா, இயேசு பந்தியிருந்த ஊர். மார்த்தாள் பரிமாறிய வீடும், குஷ்டரோகியான சீமோனின் வீடும் அங்கேதான். அந்தப் பெயரை அவர் தற்செயலாக எடுத்தார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. கொஞ்ச காலத்தில் டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரைத் தன் ஊழியராக ஏற்றுக்கொண்டது. இப்படித்தான், தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு 1845இல் விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்களின் நாட்டிலிருந்து, இந்தத் தடவை கோட்டையும் கொடியும் இல்லாமல், தென்னார்க்காட்டுக்கு மிஷனரிகள் வந்தார்கள். திருக்கோவிலூர், திருவண்ணாமலை, விருத்தாசலம், நெல்லிக்குப்பம் என்று பள்ளிகளும் சபைகளும் எழுந்தன. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிற ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அந்தப் பட்டாம்பாக்கத்துப் பந்தி.

ஓக்ஸை நான் தேவதூதர் ஆக்கப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டில் இலை போட்டு, ‘சாப்பிடு, பார்க்கிறேன்’ என்று நிற்பது விருந்தாகாது. அது பரீட்சை. பரீட்சை எழுதியவர்களில் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகியவர்களும் இருந்திருப்பார்கள். கிரௌலின் அச்சத்தில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கிரௌல் சொன்னபடி தானாகக் கரையட்டும் என்று விட்டோமே, நூற்றைம்பது வருஷத்தில் எவ்வளவு கரைந்தது? இந்தக் கேள்விதான் என்னை ஓக்ஸ் பக்கம் தள்ளுகிறது. காத்திரு என்று சொல்வது பாயில் உட்கார்ந்தவர்களுக்குச் சுலபம். தரையில் உட்கார்ந்தவர்களுக்கு, அது இன்னும் ஒரு தலைமுறை தரை.

ஓக்ஸோடு நின்றவர்கள் பெரும்பாலும் அந்தத் தரையிலிருந்து வந்த குடும்பங்கள். பண்ணையாரின் நிலத்தில் வேலை செய்து, அவர் காட்டிய இடத்தில் குடியிருந்தவர்கள். ஞானஸ்நானம் எடுத்தால் வேலை போகும், குடியிருப்பு போகும் என்று தெரிந்தே எடுத்தார்கள். மிஷன் சரித்திரங்களில் மிஷனரிக்குப் படம் இருக்கும், பிறந்த ஊர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கைதான். சாட்சி என்கிற சொல்லுக்கு உரியவர்கள் முதலில் இவர்கள்.

பட்டாம்பாக்கத்தில் இது நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி கேட்காமல், சமயம் கேட்காமல், பசி ஒன்றையே கேட்டு அங்கே சோறு போட்டார்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. 1872இல் சத்திய ஞானசபை. 1873இல் ஓக்ஸ் மறைந்தார். 1874 ஜனவரியில் வள்ளலார் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரே தென்னார்க்காட்டு ஜில்லா, ஒரே பத்துப் பன்னிரண்டு வருஷம். ஒருவர் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி. மற்றவர் மருதூரில் பிறந்து கருங்குழியில் வாழ்ந்த சன்மார்க்கி. இருவருக்கும் சோறுதான் கடவுள் விஷயத்தின் வாசலாக இருந்தது.

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் வழியே வடலூருக்கு நடந்து போகிற கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அந்த அடுப்பின் முன் நின்றபோது எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். ஓக்ஸின் பந்தியில் ஒரு நிபந்தனை இருந்தது: நீ சாதியை விட்டவன் என்று காட்டு. வள்ளலாரின் பந்தியில் பசித்திரு என்பதைத் தவிர நிபந்தனை இல்லை. சத்திரத்தில் சோறு போடுவது சுலபம், சபைக்குள் உறவு கலப்பது கடினம், இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். என்றாலும் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பங்கிட்டபோது இயேசு பந்தி பந்தியாக உட்காரச் சொன்னாரே தவிர, யார் யாரென்று விசாரிக்கச் சொல்லவில்லை. எங்கள் வேதத்தில் உள்ளதை எனக்கு நினைவூட்டியது பக்கத்து ஊர் அடுப்பு. அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொள்வதில் கிறிஸ்தவளுக்குக் குறைவு வராது.

இலைக்கு அடுத்தபடி துணி. அதற்குப் பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டும்.

ஆன் மேரி பீட்டர்சன் 1878இல் டென்மார்க்கில் பிறந்தவர். 1909இல் அதே டேனிஷ் மிஷனின் ஊழியராக இங்கே வந்தார். பெண்பிள்ளைகளின் கல்வி அவர் வேலை. கிராமத்துப் பிள்ளைகளைத் தாய்மொழியில், தங்கள் மண்ணின் பாட்டும் தொழிலும் விடாமல் வளர்க்க வேண்டும் என்ற டேனிஷ் சிந்தனையாளர் குருண்ட்விக்கின் மக்கள் பள்ளி மரபில் ஊறியவர். மிஷன் பள்ளிகளில் தமிழ்ப் பெண்களை அரைகுறை ஐரோப்பியராக ஆக்குகிற படிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. 1917இல் அவரும், திருக்கோவிலூரில் ஊழியம் செய்த இளம் மிஷனரி எஸ்தர் ஃபேரிங்கும் அகமதாபாத்துக்குப் போய்க் காந்தியை ஆசிரமத்தில் சந்தித்தார்கள். எஸ்தருக்குக் காந்தி தொடர்ந்து எழுதிய கடிதங்கள் பிற்பாடு நூலாக வந்திருக்கின்றன. மிஷன் சங்கத்துக்கு இந்தச் சிநேகம் பிடிக்கவில்லை. ஆங்கில அரசின் தயவில் ஊழியம் நடக்கிற காலம். எஸ்தர் முதலில் விலகினார், பின்னால் பீட்டர்சனும் விலகினார்.

விலகியவர் ஊருக்குத் திரும்பவில்லை. பரங்கிப்பேட்டையில் பெண்களுக்காகத் தேசியக் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெயர் சேவா மந்திர். 1921 செப்டம்பரில் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். அதே பயணத்தில், சில நாள் கழித்து, 22ஆம் தேதி மதுரையில்தான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைமுழத் துணிக்கு மாறினார். சேவா மந்திரில் பிள்ளைகளுக்கு எழுத்தோடு ராட்டையும் கற்றுக்கொடுத்தார்கள். பீட்டர்சன் கதர்ப் புடவையில் நடமாடினார். 1951இல் மறைந்தார். பள்ளி இன்றும் நடக்கிறது.

நெசவு ஊரில் பிறந்த எனக்கு இந்தக் கதரின் கனம் புரிகிறது. 1921இல் கதர் உடுத்தின வெள்ளைக்காரியைப் பார்த்தால் துரைமார் முகம் திருப்புவார்கள். சொந்த மிஷன்காரர்கள் அரசியல் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கும் முதலில் சந்தேகம்தான் வரும். மூன்று பக்கமும் நஷ்டம் தருகிற துணி. கோணான்குப்பத்துச் சேலைக்கும் பரங்கிப்பேட்டைக் கதருக்கும் நடுவில் நான் காண்கிற வித்தியாசம் இதுதான். சேலையில் சமயம் ஊரின் அழகை எடுத்துக்கொண்டது. கதரில் ஊரின் பாரத்தை எடுத்துக்கொண்டது. பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் படித்ததற்குப் பின்னால் அந்தப் புடவை இருக்கிறது. அதில் சிலுவை தைத்திருக்கவில்லை.

இதை எல்லாம் எழுதி, நாங்கள் நல்ல பரம்பரை என்று முடித்துவிட்டால் அது பொய்யாகிவிடும். பட்டாம்பாக்கத்தின் கேள்வி தீரவில்லை. உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூர் என்ற ஊர், பெரிய கத்தோலிக்கப் பங்கு. ஊரில் வன்னியரும் கிறிஸ்தவர், தலித்துகளும் கிறிஸ்தவர். ஒரே செபமாலை. ஆனால் தலித் வீட்டுப் பிணம் பொதுத் தெரு வழியே கோயிலுக்கு வர முடியாது, உட்காரும் இடம் தனி. தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுத் தலித் கிறிஸ்தவர்கள் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரம். வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். லெந்து நாட்களில் நடந்தது இது. பீடத்தில் ஊதாத் துணி விரித்திருக்கும் நாட்கள்.

அது கத்தோலிக்கர்கள் பிரச்சினை என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்லக் கேட்டு எனக்கு வேதனையாக இருந்தது. சட்டத்தின் கணக்கில், 1950ஆம் ஆண்டின் அரசாணைப்படி, கிறிஸ்தவனான தலித் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன் அல்ல. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசாங்கம் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு நாங்கள் தகுதியாக இருக்கிறோமா? நான் வேலை பார்த்த கிராமங்களில் ஒன்றில், அறுப்பின் பண்டிகை முடிந்து கோயில் வளாகத்தில் சாப்பாடு போடும்போது, சில குடும்பங்கள் அவசரமாகக் கிளம்பிவிடும். வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்பார்கள், மாத்திரை போட வேண்டும் என்பார்கள். சிலர் எங்களுக்குக் கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். யார் சமைத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. திருவிருந்துக் கிண்ணத்தில் வாய் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

வேறு நாட்களும் உண்டு. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் பரவனாறும் ஏரிகளும் நிரம்பி இந்தப் பகுதி மூழ்கியபோது, குழித்தறிகளில் தண்ணீர் ஏறிப் பாவு முழுக்க அழுகியது. அந்த வாரங்களில் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் கோயில்களிலும் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் பொங்கியது. எங்கள் பெண்கள் சங்கத்தார் காய் நறுக்கினார்கள், சன்மார்க்க அன்பர்கள் அரிசி மூட்டை கொண்டுவந்தார்கள், பள்ளிவாசல்காரர்கள் பாய் கொடுத்தார்கள். யார் வீட்டுக் கரண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. 2004 சுனாமியின்போது கடலோரத்திலும், 2011 தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோதும் இப்படியே இருந்தோம். தண்ணீர் வடிந்து தறி மறுபடி ஓட ஆரம்பித்ததும் பழைய வரிசைகள் திரும்பிவிடுகின்றன. பேரிடர் நாளில் முடிகிறது பண்டிகை நாளில் ஏன் முடியவில்லை என்பதைத்தான் இன்றைய சபை பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக நினைக்கிறேன். சாட்சி என்றவுடன் மைக்கும் துண்டுப் பிரசுரமும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இதைவிடப் பெரிது தெரியவில்லை.

குழுவுக்கு நான் சொன்ன பதில் இது. பச்சைத் துணியில் நடுவே வாழையிலை தைக்கிறேன். பச்சைமேல் பச்சை எடுபடாது என்பதால் இலை ஓரத்துக்குப் பொன் நூலில் சங்கிலித் தையல். இலைமேல் பிட்ட அப்பம், வெள்ளையில். பக்கத்தில் ஒரே ஒரு கிண்ணம். சிலுவை தனியாக வேண்டாம், அப்பம் பிட்ட கோடே குறுக்கும் நெடுக்குமாக விழட்டும். லூத்தர் முத்திரை கேட்ட வாலிபர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். சீர்திருத்த நாளுக்கான சிவப்புத் துணியில் அதை வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெரியவர் ஒருவர், இலையைப் பார்த்தால் கல்யாண வீடு போல இருக்காதா என்று கேட்டார். கானாவூர்க் கல்யாணத்தில்தானே ஆண்டவர் முதல் அற்புதம் செய்தார் என்றேன். ஒத்துக்கொண்டார்.

கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தேன். வருகிற அறுப்பின் பண்டிகைக்குச் சமையலை வெளி ஆளுக்கு விடக் கூடாது. சபையின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வந்து சேர்ந்து சமைக்க வேண்டும். ஒரே அடுப்பு, ஒரே பந்தி, கட்டிக் கொடுப்பது கிடையாது. ஊர்க்காரர்களுக்கும், தறிக்காரத் தெருவுக்கும் அழைப்பு போக வேண்டும். வர மாட்டார்கள் என்று தெரிந்த வீடுகளுக்கு அறிவிப்பை மட்டும் நம்பாமல் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஓக்ஸ் போலப் பரீட்சை வைக்க அல்ல. ‘வாங்கம்மா, உங்களுக்கு இலை போட்டிருக்கோம்’ என்று சொல்லிவிட்டு வர.

ஆயர் ஐயா அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறேன் என்றார். நேரில் போய்ச் சொல்ல வேண்டிய வீடுகளின் பட்டியலை என்னிடம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் வீடு என் சொந்தச் சித்தப்பா வீடு.